நம் தெருவை நாமே எழுதுவோம்

(மும்பையில் நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத தோழர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)

நான் பெரிய பேச்சாளன் அல்ல. பத்தாவது பாஸ் செய்துவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். இன்று நான் பேச வந்திருப்பது, கைபேசியில் வழி சொல்கிறதே ஒரு குரல், "இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்" என்று, அந்தக் கருவியைப் பற்றி. ரேஷன் கார்டு இருக்கிறது, தண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இவன் போனைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் நினைக்கலாம். முதலில் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். சங்கத்திற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், எங்கள் பக்கத்துக் கோலியில் இருக்கும் ஆச்சிக்கு ராத்திரி 11 மணிக்கு வாய் கோணிப் பேச்சு குழறியது. பேரன் ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். வண்டி சீக்கிரமாகவே கிளம்பிவிட்டது. டிரைவரும் நல்ல மனிதர். ஆனால் அவர் கருவியில் எங்கள் தெரு இல்லை. நாலாவுக்கு இந்தப் பக்கம் முழுவதும் வெறும் சாம்பல் நிறம். கருவி அவரை நாலாவுக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தி, "நீங்கள் சேரவேண்டிய இடம் வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டது. அவர் போனில் இந்தியில் கேட்கிறார், பேரன் பதற்றத்தில் பாதி தமிழில் பதில் சொல்கிறான். பையன்கள் மழையில் ஓடிப் போய், நாலாவைச் சுற்றி வண்டியை அழைத்து வருவதற்குள் 25 நிமிடம் ஆகிவிட்டது. வந்த வண்டியும் சந்துக்குள் நுழையவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஆச்சி இன்று உயிரோடு இருக்கிறார். வலது கை மட்டும் எழும்பவில்லை. அந்த 25 நிமிடம்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தச் சாம்பல் நிறத்தில் நாம் இத்தனை ஆயிரம் பேர் குடியிருக்கிறோமே, அது ஏன் அந்தக் கருவிக்குத் தெரியவில்லை?

தோழர்களே! நம்மில் பலர், வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள் நம்மைப் பார்த்து வழி சொல்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்புவதெல்லாம் "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்ற செய்திதான். கையில் இருக்கும் கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் செய்தியைக் கேட்டு, அவை வந்து சேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, தான் நிற்கும் இடத்தை இரண்டு எண்களாகச் சொல்கிறது. ஒன்று அட்சரேகை, மற்றது தீர்க்கரேகை. அவ்வளவுதான். அந்த இடத்தில் ரோடு இருக்கிறதா, குழாய் இருக்கிறதா, ஆச்சி படுத்திருக்கிறாரா என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அதைச் சொல்வது வரைபடம். அந்தப் படத்தைப் போடுவது மனிதர்கள்.

ஆகவே கருவி என்பது இரண்டு சமாச்சாரம் சேர்ந்தது. ஒன்று வானத்திலிருந்து வருகிற கணக்கு. மற்றொன்று தரையில் நடந்து எழுதிய படம். கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த ஏற்பாட்டை நிறுத்தியது. அதிலிருந்து பணக்காரன் காருக்கும் நம் தம்பியின் பழைய போனுக்கும் வானம் ஒரே கணக்கைத்தான் கொடுக்கிறது. வித்தியாசம் படத்தில்தான் இருக்கிறது. மலபார் ஹில்லுக்குப் படம் இருக்கிறது, நம் சந்துக்கு இல்லை.

என் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் டிக்கெட் கவுன்டரில் பல வருடம் உட்கார்ந்தவன். ஒரு சின்ன ஹால்ட் ஸ்டேஷன் இருக்கும். வண்டி நிற்கும், ஜனங்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். ஆனால் கட்டணப் பட்டியலில் அந்தப் பெயர் ஏறாதவரை நான் அந்த ஊருக்கு டிக்கெட் கொடுக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு கிழவர், "ஐயா, நான் பிறந்ததே அங்கேதான்" என்று சொன்னாலும், பட்டியலைப் பார்த்து "அப்படி ஒரு ஸ்டேஷன் இல்லை" என்றுதான் சொல்லவேண்டி வரும். நாம் இருப்பது வேறு, பட்டியலில் இருப்பது வேறு. நாட்டை நடத்துகிறவர்கள் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள்.

வரைபடம் என்பது ரொம்ப நாளாக ஆள்பவர்கள் கையில் இருந்த சாமான். இந்திய சர்வே துறை கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1767-இல் தொடங்கியது. 1802-இல் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, நம் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் இந்தியாவை அளப்பதற்கான முதல் அடிக்கோட்டை அளந்தார். சங்கிலி பிடித்தவர்களும் கொடி தூக்கியவர்களும் நம்மைப் போன்ற கூலிக்காரர்கள். அளந்தது எதற்கு? வரி போட, படை நடத்த. சங்கிலி பிடித்தவன் தெருவைக் குறிப்பதற்காக யாரும் அளக்கவில்லை.

இந்த வழக்கத்தை மாற்றுவதற்கு ஒரு வழி பிறந்தது. இங்கிலாந்தில் அரசு வரைபடங்களை விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. ஜனங்களின் வரிப்பணத்தில் போட்ட படத்தை ஜனங்களுக்கே விற்பதா என்று சிலர் கேட்டார்கள். ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் 2004-இல் ஒரு வேலையை ஆரம்பித்தார். ஜி.பி.எஸ். கருவியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவது, போன பாதையைப் பதிவு செய்வது, அதன்மேல் தெருவின் பெயரை எழுதுவது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதற்குப் பெயர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். தமிழில் சொன்னால் திறந்த தெருப்படம். இன்று உலகம் முழுவதும் அது பரவியிருக்கிறது. கார்மின் போன்ற கையடக்கக் கருவிகளில் அந்தப் படத்தை ஏற்றலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் என்ற செயலிகளில் இறக்கி வைத்துக்கொண்டால், டேட்டா பேலன்ஸ் தீர்ந்த போனிலும் வழி பார்க்கலாம்.

இது நம்மைப் போன்றவர்களுக்கு ஆகிற காரியமா என்று கேட்பீர்கள். ஆகும். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுத் தலைநகரம் நைரோபியில் கிபேரா என்று ஒரு பெரிய குடிசைப் பகுதி. லட்சக்கணக்கில் ஜனங்கள் இருந்தும் பொதுவில் கிடைத்த படங்களில் அது வெற்றிடமாக இருந்தது. 2009-இல் அந்தப் பகுதி இளைஞர்களே கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, குழாய், கக்கூஸ், மருந்துக்கடை, பள்ளிக்கூடம், இரவில் பயமான சந்து எல்லாவற்றையும் படத்தில் ஏற்றினார்கள். 2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டில் பூகம்பம் வந்து தலைநகரம் இடிந்தபோது, உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துச் சில நாட்களில் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். மீட்புக்கு வந்தவர்கள் அதைத் தங்கள் கைக்கருவிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஜனங்களே இந்தத் திறந்த படத்தின்மேல் ஆயிரக்கணக்கான தெருக்களைக் குறித்தார்கள். ஊரில் அம்மாவையும் அக்காவையும் விட்டுவிட்டு இங்கே போனைப் பிடித்துக்கொண்டு தவித்த நமக்கு அதன் அருமை தெரியும்.

நம் பம்பாய்க்கும் இது புதிதல்ல. கருவி புதிது, காரியம் பழையது. சீட்டா கேம்ப்பிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும், 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஜனதா காலனியை இடித்து மக்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலனிக்காகப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்து இங்கே பிழைக்க வந்த நம் ஜோக்கின் அற்புதம். பின்னாளில் நாடெங்கும் குடிசைவாசிகள் தங்களைத் தாங்களே எண்ணிக் கணக்கெடுக்க வேண்டும் என்பதை ஒரு இயக்கமாகவே நடத்தினார். 2018-இல் மறையும்வரை அதை விடவில்லை. 1985-இல் நடைபாதைவாசிகளை அகற்றலாமா என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த அதே ஆண்டு, ஸ்பார்க் அமைப்பு நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்துப் புத்தகமாகப் போட்டது. கண்ணுக்குத் தெரியாத நாங்கள் என்பது அதன் பெயருக்குப் பொருள். எண்ணிக்கை கையில் இருந்தபோது பேச்சுக்கு மதிப்பு வந்தது. 1976 கணக்கெடுப்பில் கிடைத்த ஃபோட்டோ பாஸை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ உண்டு. காகிதத்தில் ஏறுவதன் மதிப்பை நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது ஒரு தாயார் கமிட்டியில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டார்: "தம்பி, நாமே படம் போட்டுக் கொடுத்தால், இடிக்க வருகிறவனுக்கு நாமே வழி காட்டினது மாதிரி ஆகாதா?"

நியாயமான கேள்வி. அதைச் சிரித்துத் தள்ள முடியாது. இடிக்க வருகிறவர்களுக்கு நம் படம் தேவையில்லை என்பது என் முதல் பதில். தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில் ட்ரோன் பறந்தது, லேசர் கருவியால் அளந்தார்கள், வீட்டுக்கு வீடு எண் எழுதினார்கள். நம்மைப் பற்றிய படம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நம்மைப் பற்றிய படம் இல்லாதது நம்மிடம்தான். 'இங்கே மூன்று சந்து, இரண்டு குழாய்' என்று அவர்கள் சொன்னால், 'இல்லை, ஐந்து சந்து, ஒரு குழாய், அதிலும் காலை 5 மணிக்குத்தான் தண்ணீர்' என்று எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு தாள் உண்டா?

இரண்டாவது பதில், எதை எழுதுவது, எதை எழுதக்கூடாது என்பதை நாம்தான் முடிவு செய்யவேண்டும். தெரு, குழாய், கக்கூஸ், பள்ளி, வண்டி நிற்கும் இடம், இவை பொதுச் சொத்து. இவற்றை எழுதுவோம். யார் வீடு, யார் வாடகைக்கு இருக்கிறார், என்ன மதம், என்ன சாதி, எந்த வீட்டில் பெண்பிள்ளை தனியாக இருக்கிறாள், இவற்றில் ஒரு எழுத்தையும் எழுதமாட்டோம். இது சங்கத்தின் கட்டுப்பாடாக இருக்கட்டும்.

மூன்றாவதாக ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படத்தில் தெரு ஏறிவிட்டால் வீடு கிடைத்துவிடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். தாராவியில் தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து குடியிருப்பவரா என்று பார்த்துத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்று விதி வைத்திருக்கிறார்கள். அதற்கு மின்சார பில்லும் வாக்காளர் பட்டியலும்தான் பேசும். படம் பட்டா ஆகாது. ஆனால் திறந்த படத்தில் யார் எந்தத் தேதியில் எதை எழுதினார்கள் என்ற சரித்திரம் அழியாமல் இருக்கும். இந்தத் தேதியில் இந்தப் பெயரில் இந்தத் தெரு இருந்தது, குழந்தைகள் இந்த வழியாகப் பள்ளிக்குப் போனார்கள் என்பதற்கு உலகமே பார்க்கும்படி ஒரு பதிவு இருக்கும். 'இங்கே ஒன்றுமே இருந்ததில்லை' என்று நாளைக்கு யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு கேள்வி இளைஞர்களுடையது. "நாம் சும்மா உழைத்துக் கொடுத்தால் கம்பெனிக்காரன் லாபம் பார்க்கமாட்டானா?" பார்த்திருக்கிறான். கூகுள் கம்பெனி 2008-இல் மேப் மேக்கர் என்று ஒன்றைத் திறந்தது. நம் நாட்டிலும் எத்தனையோ பேர் தங்கள் ஊர்த் தெருக்களை அதில் சும்மா வரைந்து கொடுத்தார்கள். 2017-இல் அதை மூடிவிட்டார்கள். வரைந்ததெல்லாம் கம்பெனியின் படத்தில் தங்கிவிட்டது. வரைந்தவன் அதை எடுத்துத் தன் ஊருக்கென்று ஒரு படம் போட்டுக்கொள்ள வழியில்லை. அதுமட்டுமா? பைக்கில் சோறு கொண்டுபோகும் நம் தம்பிகள் கையில் இருக்கும் போனின் நகர்வை வைத்துத்தான் எந்த ரோட்டில் நெரிசல் என்று கணக்குப் போடுகிறார்கள். நடப்பவன் நாம், கணக்கு அவர்களுடையது.

திறந்த படத்தையும் பெரிய கம்பெனிகள் பயன்படுத்தத்தான் செய்கின்றன. மறைக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு விதி உண்டு. பயன்படுத்துகிறவர் 'இது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் உழைப்பு' என்று குறிப்பிட வேண்டும். அந்தத் தகவல் தொகுப்பைத் திருத்தி வெளியிட்டால், திருத்தியதையும் அதே நிபந்தனையில் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். நாம் கொடுத்ததை நாமே எந்நேரமும் முழுவதுமாக எடுத்துக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், சங்கச் சுவரில் ஒட்டலாம். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. பண்ணையாரும் இறைப்பார், நாமும் இறைப்போம். ஆனால் மூடி போட்டுப் பூட்ட அவரால் முடியாது.

சட்டத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் வேண்டாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, இந்தியக் குடிமக்கள் வரைபடத் தகவல் சேகரிக்க முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. ராணுவம் சம்பந்தப்பட்டது போன்ற, குறிக்கக்கூடாத சங்கதிகள் சில உண்டு. அவற்றின் பக்கம் போகமாட்டோம். வேறு கம்பெனிப் படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கவும் மாட்டோம். கால் நடந்ததையும் கண் பார்த்ததையும் மட்டும் எழுதுவோம்.

நம் சந்துகளை வானத்திலிருந்து பார்த்து வரைந்துவிட முடியாது, தோழர்களே. மேல்மாடி நீட்டி நீட்டிக் கட்டியதில் மேலே இருந்து பார்த்தால் வெறும் தகரமும் நீலத் தார்ப்பாயும்தான் தெரியும். மூன்று அடிச் சந்தில் செயற்கைக்கோள் செய்தியும் சுவரில் மோதித் தடுமாறும், போன் காட்டும் இடம் பல அடி தள்ளிப் போகும். எனவே பெரிய இஞ்சினீயர் வந்தாலும் நம் சந்து அவருக்குப் பிடிபடாது. அதை அறிந்தவர்கள் குடம் தூக்கி நடந்த தாய்மார்கள்தான். அதனால்தான் இந்த வேலை நம்முடையது என்கிறேன்.

நான் கேட்பது நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். சந்துக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு போன். சந்தின் இரண்டு முனைகள், நாம் கூப்பிடும் பெயர், அகலம், எந்த இடம்வரை ஆட்டோ வரும், எந்த இடம்வரை ஆம்புலன்ஸ் வரும், அதற்குமேல் எத்தனை அடி தூக்கிக்கொண்டு போகவேண்டும், இவற்றைக் குறிப்போம். பலகையில் மராத்தியில் இருக்கும் பெயரை அப்படியே எழுதுவோம். அதன் பக்கத்தில் தமிழ்ப் பெயருக்கும் அந்தப் படத்தில் இடம் உண்டு, யாரோடும் சண்டை இல்லை. சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து, கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அதை ஏற்றுவார்கள். யாராவது தவறாக மாற்றினாலும் தெரிந்துகொள்ள மாதம் ஒருமுறை பார்ப்போம்.

அதோடு நின்றுவிடக் கூடாது. ஆம்புலன்ஸ் டிரைவர் வேறு கம்பெனிப் படத்தை வைத்திருப்பார், நாம் எழுதியது அதில் தானாக ஏறிவிடாது. ஆகவே வண்டி நிற்கக்கூடிய ஒவ்வொரு தெருமுனையிலும் அந்த இடத்தின் இரண்டு எண்களைப் பெயிண்டில் எழுதி வைப்போம். எந்தக் கருவியில் போட்டாலும் அந்த எண் அந்த இடத்தைத்தான் காட்டும். போனில் எண்ணைப் படித்துச் சொல்ல ஒன்பது வயதுப் பிள்ளையாலும் முடியும், இந்தி தெரியாத ஆச்சியாலும் முடியும். படத்தை அச்சடித்துத் தீயணைப்பு நிலையத்திலும் பக்கத்து ஆஸ்பத்திரியிலும் வார்டு ஆபீசிலும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவோம். ஒரு பிரதி சங்க அலமாரியில் இருக்கும்.

போன வாரம் ஆச்சி வீட்டு வாசலில் உட்கார்ந்து முதல் தாளை எழுதினேன். தெருவின் பெயர் என்ன என்று கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஆச்சி இடது கையை நீட்டி, "நான் வந்தப்போ இங்கே ஒரு வேப்பமரம் நின்னுச்சு. வேப்பமரத்துச் சந்துன்னுதான் சொல்லுவோம்" என்றார். மரம் போய் நாற்பது வருடம் இருக்கும். ஆனால் பெயரை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எழுதிவிட்டேன். இன்னும் எழுதவேண்டிய சந்துகள் நிறைய இருக்கின்றன. வருகிற ஞாயிறு காலை 8 மணிக்குச் சங்க வாசலில் பென்சிலோடு நிற்பேன். நீங்களும் வரவேண்டும்.